ஊரார் தமக்குத் தாமே விதித்த வரி

பள்ளிக்கூடம் ஒன்றைப் பற்றிப் பேசும்போது அங்கே கற்பித்த ஆசிரியர்களைப் பற்றிப் பேசுகிறோம். கற்றுப் புகழ்பெற்ற மாணவர்களைப் பற்றிப் பேசுகிறோம். அப்பள்ளியின் கூரைக்கு ஓடு வாங்கியவர் யார், ஆசிரியருக்குத் திங்கள்தோறும் ஊதியம் அளந்தவர் யார், அப்பணத்தை யாருடைய இசைவின்மேல் யாரிடமிருந்து பெற்றார்கள் என்று கேட்பவர் மிகச் சிலரே. நாற்பதாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வருகைப் பதிவேட்டைப் புரட்டிய அளவிற்கு வரவு செலவுக் கணக்கையும் புரட்டியிருக்கிறேன். ஆதலின், மாணவ நண்பர்களே, இன்று உங்களோடு கல்விக்கான வரியின் வரலாற்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

நான் வாழும் குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். இன்று அதன் தெற்கிலும் மேற்கிலும் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர் எனத் தொழிற்சாலைகள் நிரம்பி நிற்கின்றன. ஏரியும் வயலும் சூழ்ந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதி இது. இம்மண்ணில் தேர்தலுக்கும் கணக்கிற்கும் மிகப் பழைய சான்று ஒன்று உண்டு. இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதற்பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளே அச்சான்று. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை வழியே வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறையை அவை விளக்குகின்றன. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதி அற்றவர் என்னும் விதி அங்கே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அவ்விதியைக் கண்டு நாம் பெருமைப்படலாம். ஆயினும் வரலாற்று மாணவன் பெருமையோடு நின்றுவிடுதல் ஆகாது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் ஆகியவற்றைக் கூறும் அக்கல்வெட்டுகளில் பள்ளிக்கென ஒரு வாரியம் குறிக்கப்படவில்லை. குடவோலையில் பெயர் எழுதப்படுதற்கு நிலமும், சொந்த மனையில் வீடும், மறைநூற் பயிற்சியும் வேண்டியிருந்தன. அக்காலத்தில் உயர்கல்வி நடைபெறவில்லை என்பது இதன் பொருள் அன்று. விழுப்புரம் பகுதியைச் சேர்ந்த எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் 45 வேலி நிலம் விடப்பட்டதை ஒரு கல்வெட்டு கூறுகிறது. ஆனால் அது கோயிலைச் சார்ந்த அறக்கொடை. வேதமும் சாத்திரமும் கற்போர்க்கு உரியது. உழுபவன் மகனுக்கும் நெய்பவன் மகனுக்கும் ஊர்ப் பொதுப்பணத்தில் பள்ளி என்னும் எண்ணம் அன்று பிறக்கவில்லை.

அப்பிள்ளைகள் பிற்காலத்தில் கற்றது திண்ணைப் பள்ளியில். சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த சர் தாமசு மன்றோ 1822ஆம் ஆண்டில் பள்ளிகளைப் பற்றி விசாரணை ஒன்றைத் தொடங்கினார். மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகக் கணக்கு வந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று மன்றோ தம் 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் எழுதினார். இப்பள்ளிகளை நடத்தியவர் அரசினர் அல்லர். ஊர்ப் பொதுநிதியும் பெரும்பாலும் அன்று. பெற்றோர் கொடுத்த காசும், நெல்லும், பண்டிகை நாட்களில் கொடுத்த துணியுமே ஆசிரியர் வருவாய். கொடுக்க இயலாதவன் பிள்ளை மாடு மேய்த்தான். தாழ்த்தப்பட்டோர் பிள்ளைக்குக் காசு இருந்தாலும் திண்ணையில் இடம் இல்லை.

இந்நிலையில்தான் நமது கதையின் முதற்பெரும் திருப்பம் நேர்கிறது. அது தமிழ்நாட்டில் நேரவில்லை. அன்று சென்னை மாகாணத்தோடு சேர்ந்திருந்த கோதாவரிக் கரையில், நரசாபுரம் பகுதியில் நேர்ந்தது. 1855ஆம் ஆண்டளவில் அங்கே துணைக் கலெக்டராக இருந்த டெய்லர் என்பவர் சில பெரிய ஊர்களில் பள்ளி தொடங்கினார். அதனைக் கண்ட சுற்றுப்புறச் சிற்றூர்களின் குடியானவர்கள் தங்களுக்கும் பள்ளி வேண்டும் என்றார்கள். அதற்காகத் தங்கள் நிலவரியோடு சிறு தொகை கூட்டி வாங்கிக்கொள்ளுமாறு இசைவு எழுதிக் கொடுத்தார்கள். அரசாணைக்கு அஞ்சி வரி கட்டியே பழகிய நாட்டில், பள்ளிக்காக வரி விதியுங்கள் என்று ஊரார் விண்ணப்பித்தது புதுமையான செய்தி அன்றோ?

இம்முயற்சிக்குச் சட்ட வடிவம் தருவதற்காக 1863ஆம் ஆண்டில் சென்னை மாகாணக் கல்விச் சட்டம் பிறந்தது. ஓர் ஊரின் குடிமக்களில் பெரும்பான்மையோர் இசைந்தால், அவ்வூரில் பள்ளிக்காக வரி விதிக்கலாம் என்பது அதன் சாரம். இன்று அமெரிக்க நாட்டில் பள்ளி வட்டங்கள் வரியையும் கடன் பத்திரத்தையும் வாக்குச் சீட்டில் அச்சிட்டு மக்களிடம் நேரே கேட்கின்றன. அம்முறைக்கு மிக நெருங்கிய ஒன்றை நம் மாகாணம் நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சட்டப் புத்தகத்தில் எழுதியிருந்தது. இங்கிலாந்து நாட்டில் வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கும் பள்ளிக் குழுக்கள் ஏற்பட்டதுகூட 1870ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான்.

அவ்வளவு முற்போக்கான சட்டம் என்ன ஆயிற்று? மிகச் சில இடங்களிலேயே நடைமுறைக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே தோற்றது. காரணங்களை எண்ணிப் பார்த்தால் மூன்று தோன்றுகின்றன. கோதாவரிக் கரையின் ஊரார் இசைவில் அவர்கள் விருப்பம் எவ்வளவு, துரையின் மனம் குளிர வேண்டும் என்னும் எண்ணம் எவ்வளவு என்ற ஐயம் பின்னர் எழுந்தது. அதிகாரி எதிரே நிற்கும்போது கொடுத்த இசைவு அவர் இடம் மாறியபின் நிலைப்பது அரிது. இது முதற்காரணம். வரி கொடுப்பவன் நிலம் உடையவன்; பள்ளி மிகவும் தேவைப்படுபவன் நிலம் அற்றவன். தன் பிள்ளைக்கு வீட்டிலேயே ஆசிரியரை வைத்துக்கொள்ளக் கூடியவன், கூலியாள் பிள்ளைக்காக ஏன் வரி கொடுக்க வேண்டும் என்று எண்ணினான். இது இரண்டாவது. ஊராரிடம் வரி கேட்ட அரசு, அவ்வரிக்கு நிகராகத் தன் பங்கு இவ்வளவு என உறுதியாக வைத்து அவர்களை ஊக்குவிக்கவில்லை. இது மூன்றாவது.

1871ஆம் ஆண்டில் வேறு வழி வகுக்கப்பட்டது. உள்ளூர் நிதிச் சட்டம் என்று பெயர் பெற்ற அவ்வழியில், மக்களின் இசைவைக் கேட்கும் வழக்கம் இல்லை. நிலவரி ஒரு ரூபாய்க்கு ஓர் அணா வரை மேல்வரி வாங்கலாம். அதில் பெரும்பகுதி சாலைக்கும், எஞ்சியதில் ஒரு பங்கு பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்லும். ஊர்ப்பள்ளிக்காக வீட்டு வரி விதிக்கவும் அச்சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் அவ்வீட்டு வரிக்கு எழுந்த எதிர்ப்பு பெரிது; விரைவில் அது கைவிடப்பட்டது. கேட்டு வாங்கிய வரி ஊர்ந்து சென்றது, கேளாமல் வாங்கிய வரி முட்டி நின்றது என்று இவ்விரு சட்டங்களின் அனுபவத்தையும் சுருக்கிக் கூறலாம். 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் அமைந்தன. பள்ளிகள் அவற்றின் கைக்கு வந்தன. தொடக்கத்தில் உறுப்பினர் பலர் நியமனம் பெற்றவர். தேர்தல் படிப்படியாகவே வளர்ந்தது.

இவ்விடத்தில் செங்கற்பட்டு மாவட்டத்துச் செய்தி ஒன்றை நான் கூறாமல் செல்லக் கூடாது. 1891ஆம் ஆண்டில் இம்மாவட்டக் கலெக்டராக இருந்த திரெமென்ஃகீர் என்பவர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைபற்றி அறிக்கை ஒன்று எழுதினார். சொந்த மனையின்மை, அடிமை போன்ற கூலி வாழ்வு, நிலமின்மை, கல்வியின்மை எல்லாம் அதில் விளக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் அம்மக்களுக்குப் புறம்போக்கு நிலம் ஒதுக்கும் ஆணையும், 1893ஆம் ஆண்டில் அவர்கள் கல்விக்கெனத் தனி ஊக்கம் தரும் ஆணையும் பிறந்தன. இதனை ஏன் கூறுகிறேன்? மேல்வரி, நிலத்தின்மேல் விழுந்தது. நிலத்தில் வியர்வை சிந்தி வரிப்பணத்தை விளைவித்தவர் இம்மக்கள். அப்பணத்தில் நடந்த பள்ளிகள் பலவற்றின் வாயில் அவர்கள் பிள்ளைகளுக்கு அடைத்திருந்தது. ஊரில் பெரும்பான்மையோர் இசைவதே நீதி என்று கொண்டால், இவ்வாயில் திறந்திருக்கப் பல தலைமுறை ஆகியிருக்கும். ஊருக்கு வெளியே இருந்த அரசின் ஆணையே அதனைத் திறக்கத் தொடங்கியது. உள்ளூராட்சியை விரும்பும் நாம் இவ்வுண்மையையும் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

1920ஆம் ஆண்டில் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. பழைய இரு தோல்விகளிலிருந்தும் பாடம் கற்ற சட்டம் அது. நகரசபையோ தாலுகா போர்டோ அரசின் அனுமதி பெற்றுக் கல்வி வரி விதிக்கலாம். அவ்வாறு விதித்தால், வசூலாகும் தொகைக்குக் குறையாமல் அரசும் தன் பங்கை அளிக்கும். ஊர் ஒரு ரூபாய் எடுத்து வைத்தால் அரசு ஒரு ரூபாய் வைக்கும் என்பது எளிய கணக்கு. மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள், மக்கள் கண் எதிரே கை தூக்கி, மக்கள் மேல் வரி விதித்துவிட்டு, மறு தேர்தலில் அவர்களிடமே வாக்குக் கேட்டார்கள். நகரங்களில் சொத்து வரியோடு கல்வி வரி என்னும் கூறு நெடுங்காலம் சேர்ந்து வந்தமைக்கு இச்சட்டமே வேர்.

விடுதலைக்குப் பின் இக்கதை வேகம் பெற்றது. பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்பதை அரசியலமைப்புச் சட்டம் நாட்டின் குறிக்கோளாக வைத்தது. காமராசர் முதலமைச்சராகவும், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில் பள்ளிகள் பெருகின; 1956ஆம் ஆண்டில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. சட்டத்தின் வழியே வரும் வரி ஒருபுறம் இருக்க, மனமுவந்த கொடையையும் அவர்கள் திரட்ட முற்பட்டனர். 1958ஆம் ஆண்டில் நம் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் முதன்முதல் சோதித்துப் பார்க்கப்பட்டது. இன்ன பள்ளிக்குச் சுவர் வேண்டும், இன்ன பள்ளிக்குப் பலகை வேண்டும், கடிகாரம் வேண்டும், குடிநீர்ப் பானை வேண்டும் என்று பட்டியல் எழுதினர். ஊரார் கூடி, இயன்றவர் நிலமும், மற்றவர் மரமும், கூலிவேலை செய்வோர் உடலுழைப்பும் கொடுத்தனர். பின்னர் மாநிலம் முழுவதும் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கொடுத்தவன் தான் கொடுத்த பலகையில் பிள்ளைகள் அமர்ந்திருப்பதைக் கண்ணாற் கண்டான். வரிச் சீட்டு தர முடியாத மனநிறைவு அது.

1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் ஏற்பட்டன. 1961ஆம் ஆண்டிற்குள் மாநிலம் முழுவதும் அவை பரவின. தொடக்கப்பள்ளிகள் ஒன்றியங்களின் பொறுப்பாயின. வருவாய் குறைந்த ஒன்றியத்திற்கு அரசு மானியம் கூடுதலாகக் கிடைக்குமாறு திட்டம் அமைந்தது. ஆசிரியர் மாற்றம் முதல் ஓடு மாற்றுவது வரை ஒன்றியமே பார்த்தது. அதில் நன்மையும் உண்டு. கட்சியும் உறவும் பார்த்து ஆசிரியரை அலைக்கழித்த கேடும் உண்டு என்று என் மூத்த ஆசிரியர்கள் கூறக் கேட்டிருக்கிறேன். 1981ஆம் ஆண்டு சூன் முதல் நாளில் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். ஆசிரியர்க்கு அது விடிவு. அதே நாளில், பள்ளிக்கும் ஊருக்கும் இடையே இருந்த பணக்கயிறு பெரிதும் தளர்ந்தது. பெயர்ப்பலகையில் மட்டும் ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்னும் எழுத்து நின்றுவிட்டது.

இனி அமெரிக்க நாட்டைச் சிறிது நோக்குவோம். அங்கே 1647ஆம் ஆண்டிலேயே மாசசூசெட்சுப் பகுதியில், ஐம்பது குடும்பம் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று சட்டம் பிறந்தது. அன்று தொட்டு வளர்ந்ததே ஊர்தோறும் சொத்து வரி எடுத்துப் பள்ளி நடத்தும் பழக்கம். கலிபோர்னியா மாநிலத்தில் பள்ளிக் கடன் பத்திரத்திற்கு நெடுங்காலம் மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டில் தகுந்த கணக்குத் தணிக்கை முதலிய நிபந்தனைகளோடு அது நூற்றுக்கு ஐம்பத்தைந்து ஆகக் குறைக்கப்பட்டது. மக்கள் நேரே வாக்களிப்பதால் பள்ளி அவர்கள் சொந்தப் பொருளாகிறது. அதில் ஒரு பெரும் பள்ளமும் உண்டு. 1968-69ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் பால்டுவின் பார்க் என்னும் எளியோர் ஊர் ஒரு மாணவனுக்குச் சுமார் 577 டாலர் செலவிட்டது. செல்வர் வாழும் பெவர்லி இல்சு சுமார் 1,232 டாலர் செலவிட்டது. எளியோர் கட்டிய வரிவீதமோ செல்வர் கட்டியதைப்போல் இரு மடங்குக்கும் மேல்! மதிப்பு மிக்க சொத்து உள்ள ஊரில் சிறு வீதமே பெருந்தொகை தரும். ஏழை ஊரில் பெருவீதமும் சிறுதொகையே தரும். 1971ஆம் ஆண்டில் அம்மாநில உச்ச நீதிமன்றம் இம்முறை சமநீதிக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பைப் படித்தபோது எனக்கு எங்கள் பகுதியே கண்முன் தோன்றியது. இங்கே ஒரு தொழிற்சாலை எந்த ஊராட்சியின் எல்லைக்குள் நிற்கிறதோ, அவ்வூராட்சிக்கே அதன் வீட்டு வரியும் தொழில் வரியும் சேர்கின்றன. வேலியை அடுத்த ஊராட்சிக்கு லாரிப் புழுதி சேர்கிறது. பள்ளியை அவ்வரியைக் கொண்டே நடத்துவது என்று ஏற்பட்டிருந்தால், மதிற்சுவருக்கு இப்புறம் பிறந்த பிள்ளைக்கு ஒரு பள்ளியும், அப்புறம் பிறந்த பிள்ளைக்கு வேறொரு பள்ளியும் ஆகியிருக்கும். ஆசிரியர் ஊதியத்தை மாநிலம் முழுவதும் ஒரே கருவூலத்திலிருந்து கொடுப்பதன் நீதி இங்கேதான் விளங்குகிறது.

வேறொன்றையும் கண்டேன். என் பணியின் இறுதி ஆண்டுகளில், வடநாட்டிலிருந்து தொழிற்சாலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தோரின் பிள்ளைகள் பலர் எங்கள் வகுப்புகளில் வந்து அமர்ந்தார்கள். ஆறு திங்களில் அவர்கள் தமிழில் சண்டை போடக் கற்றுக்கொண்டார்கள். ஓராண்டில் கட்டுரை எழுதினார்கள். அவர்களுடைய தந்தையர் பலருக்கு இங்கே வாக்கு இல்லை. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் கிராம சபையில் உறுப்பினர். பள்ளிக்கான பணத்தை அவ்வூர் வாக்காளர் மட்டுமே தீர்மானிப்பது என்றால், இப்பிள்ளைகளுக்காகக் கை தூக்குவார் யார்?

ஆனால் பணம் தொலைவிலிருந்து வருவதிலும் ஒரு குறை உண்டு. ஒரு முறை, வகுப்பறையின் மேல்தளம் மழையில் ஒழுகுவதைக் குறித்து ஓர் அலுவலகத்திற்கு எழுதினேன். மதிப்பீடு கேட்டார்கள்; அனுப்பினேன். மறு மதிப்பீடு கேட்டார்கள், அதனையும் அனுப்பினேன். பணம் வந்து சேர்வதற்குள் அவ்வகுப்பில் படித்தவர்கள் பள்ளியை விட்டே சென்றுவிட்டார்கள். இடைக்காலத்தில் அவ்வொழுகலை நிறுத்தியவர்கள், தங்களுக்குள் காசு திரட்டித் தார்ப்பாய் வாங்கிவந்த தாய்மார்களே. ஒழுகும் கூரை அதன் கீழ் அமர்ந்திருக்கும் பிள்ளையின் தாய்க்குத் தெரியும் அளவிற்குக் கோப்பைப் பார்ப்பவருக்குத் தெரியாது.

ஆதலின், என் கருத்து இது: பணத்தைப் பரந்த எல்லையிலிருந்து திரட்டுக, கணக்கை ஊர் நடுவில் விரித்து வைக்க. முன்னது இல்லையேல் ஏழை ஊர் நசியும். பின்னது இல்லையேல் பணம் வழியிலேயே வற்றும். இவ்விரண்டையும் இணைப்பதற்கு நம் நாட்டில் வழி உண்டு. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவை ஏற்படுத்தியது. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அதில் சேர்வதற்கு வாக்காளர் அட்டை வேண்டியதில்லை. பிள்ளை அப்பள்ளியில் படித்தாற் போதும். உத்திரமேரூரில் நிலமும் மனையும் கேட்டார்கள். 1863இல் வரி கொடுப்போரின் இசைவைக் கேட்டார்கள். இங்கே பெற்றோராக இருத்தலே தகுதி. வெளிமாநிலத் தொழிலாளியின் மனைவியும் அக்குழுவில் அமர்ந்து, வந்த மானியம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேட்கலாம்.

கேட்க வேண்டும் என்பதே என் கவலை. எங்கள் மாவட்டத்துச் சிற்றூர்களில் 2016ஆம் ஆண்டில் ஊராட்சிகளின் காலம் முடிந்தபின், 2021 அக்டோபர் வரை தேர்ந்தெடுத்த உறுப்பினரே இல்லை. ஐந்தாண்டு என்பது ஒரு பிள்ளையின் தொடக்கப்பள்ளி வாழ்வு முழுவதும் ஆகும். அக்காலத்தில் தெருவிளக்குக்காகக் குரல் எழுப்பியவர் பலர். பள்ளிக் கழிப்பறைக்காகக் குரல் எழுப்பியவரை விரல்விட்டு எண்ணலாம். தேர்தல் நடக்கும் ஆண்டிலும் நிலை பெரிதும் வேறன்று. அயலூர் ஒன்றின் கிராம சபைக்கு நான் சென்றிருந்தபோது, வரவு செலவு படிக்கப்பட்டது. குடிநீர்க் குழாய்க்கு நெடுநேரம் வாதம் நடந்தது. பள்ளி என்னும் சொல் ஒரு முறைகூட எழவில்லை.

மாணவ நண்பர்களே! உங்களில் சிலர் இவ்வாண்டு பதினெட்டு வயதை அடைவீர்கள். மற்றவர் சில ஆண்டுகளில் அடைவீர்கள். அன்று உங்கள் கைக்கு வாக்குரிமை வரும். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வரை பள்ளியின் குறைகளை எல்லாம் அறிந்திருந்த உங்களுக்கு வாக்கு இல்லை; வாக்கு வந்தபின் நீங்கள் பள்ளியில் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் என்னும் இனம் எந்தத் தேர்தலிலும் வாக்களியாத இனம். அவ்வினத்தை விட்டு அண்மையில் வெளியேறியவர் என்ற முறையில், அவர்களுக்காகப் பேசும் கடமை உங்களுக்கே முதலில் உரியது. குடியரசு நாளிலும், மே முதல் நாளிலும், விடுதலை நாளிலும், காந்தி பிறந்த நாளிலும் கிராம சபை கூடுகிறது. நீங்கள் படித்த பள்ளியின் தலைமையாசிரியரிடம் முன்னரே சென்று, பள்ளிக்கு வேண்டுவனவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அத்தாளோடு சபைக்குச் செல்லுங்கள். எழுந்து நின்று படியுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறும் வரை அமராதீர்கள்.